பூட்டிக் கிடக்கற ஊர் மியூசியத்த திறக்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?

கேள்வி – மார்ச் 3, 2025

ஊத்தங்கரை பக்கம் எங்க ஊர்ல சின்னதா ஒரு மியூசியம் இருக்குங்க. ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் ரிட்டயர் ஆன பிறகு சேர்த்து வெச்சது. அவர் இப்ப இல்ல, ரூம் பூட்டிக் கிடக்கு. பசங்க நாங்க சேர்ந்து திறக்கலாம்னு இருக்கோம். கண்ணாடி அலமாரி, லைட்டு, பெயிண்டுக்கு மொதல்ல பணம் திரட்டலாம்னு பாதி பேர் சொல்றாங்க. வீடு வீடா போயி பழைய பொருள் வாங்கி ரூம ரொப்பலாம்னு மீதி பேர் சொல்றாங்க. அனுபவம் இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

மார்ச் 4

ரெண்டுலயும் ஆரம்பிக்காதீங்க.

நாங்க பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவுல ஒரு ஊரு. பழைய பால் சொசைட்டி கட்டடத்துல ஒன்றரை ரூம்ல ஒரு மியூசியம் ஓட்டறோம். ஒன்றரைன்னா, ஒரு ரூமு, அப்பறம் கேன் கழுவற இடமா இருந்தது பாதி. எனக்கு இதுல டிகிரி எதுவும் கிடையாது, கேபிள் டிவி வசூலுக்குப் போறவன், அதனால எல்லா வீட்டு திண்ணையும் தெரியும், அவ்ளோதான் தகுதி.

பொருள் வாங்கி ரொப்பலாம்னு சொல்றவங்களுக்கு: கொஞ்சம் பொறுங்க. மியூசியம்னு போர்டு வெச்ச அடுத்த வாரமே பொருள் தானா வரும். எப்படி வரும்னா, ஓட்டு வீட்ட இடிச்சு மாடி வீடு கட்டறவங்க, எடைக்குப் போட மனசு வராத சாமானெல்லாம் கொண்டு வந்து வாசல்ல எறக்கிட்டுப் போவாங்க. ஆட்டுக்கல்லு, அம்மி, ஓடாத வால்வு ரேடியோ, ஊசி இல்லாத தையல் மிஷின். எங்க வாசல்ல இப்ப ஆட்டுக்கல்லுல உக்காந்துதான் மீட்டிங்கே நடக்குது. யாருது, எப்ப கொத்தினது, யாரு மாவாட்டினது, ஒண்ணும் தெரியாது. ஊரு தெரியாத ஆட்டுக்கல்ல எதுக்கு வந்து பாக்கணும், எல்லா வீட்டு பின்னாடியும் ஒண்ணு கவுந்து கிடக்கு.

"வேணாங்க"ன்னு சொல்லப் பழகிக்கணும், அதுதான் மொத வேல. குடுக்க வர்றவங்க பெரிய மனுசங்களா இருந்தா கஷ்டம்தான். நாங்க "கமிட்டில கேக்கணுங்க"ன்னு சொல்லிடுவோம். கமிட்டின்னா நானும் ரேஷன் கடை அண்ணனும்.

மார்ச் 4, ராத்திரி

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டதுக்கு பதிலே சொல்லாம விட்டுட்டேன் மேல. கதவுல ஆரம்பிங்க. வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், மழை பெஞ்சாலும் சாவு விழுந்தாலும் திறந்திருக்கணும். எங்களுக்கு செவ்வாக்கிழமை சந்தை, அதனால செவ்வாய் சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. ஞாயித்துக்கிழமை திறந்தா நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை கறி எடுக்கப் போறாங்க, கல்யாணத்துக்குப் போறாங்க, மியூசியத்துக்கு யாரு வர்றது. சந்தைக்கு வந்தவங்க கையில பையோட நுழைவாங்க, பைய கீழ வெச்சுட்டு ஒரு சுத்து பாத்துட்டுப் போவாங்க.

சின்ன மியூசியம் சாகறது பணம் இல்லாமன்னு நான் நம்பல. "போனேன், பூட்டியிருந்துச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா பத்து பேர் வர மாட்டாங்க. கவர்மெண்ட் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, அது ஒரு கணக்கா எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுகிட்டா மத்த நாள் நம்பிப் போகலாம். "சாவி கேட்டு வாங்கிக்கங்க"ன்னு கதவுல போன் நம்பர் எழுதி வெக்கறது இருக்கே, அது பூட்டுனதுக்கு சமம். எந்த பொம்பளையாளு போன் பண்ணி சாவி கேப்பாங்க?

சாவி மூணு பேர் கிட்ட இருக்கணும், அதுல ஒருத்தராச்சும் பெங்களூரு பஸ் ஏறாதவங்களா இருக்கணும். எங்க பக்கம் அது கஷ்டம்.

மார்ச் 9

"பொருளே வாங்காம எத வெச்சு காட்டுவீங்க"ன்னு கீழ ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. கடன் வாங்கித்தான்.

எங்க ஊர்ல இருந்து மூணு மைல்ல ஒரு கூத்து ஜமா, அதான் கூத்துக் குழு, இருக்கு. திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துக்குப் போறவங்க. அவங்க கட்டைங்க, அதான் கிரீடம், புஜக்கட்டை, மார்ப் பதக்கம் எல்லாம், சீசன் இல்லாதப்ப ஒரு வீட்டு அட்டத்துல கோணிப்பைல கிடக்கும். எலி கடிக்கும். நாங்க போயி, "சீசன் முடிஞ்சு அடுத்த பங்குனி வரைக்கும் எங்க ரூம்ல இருக்கட்டும், நீங்க கேக்கற அன்னிக்கு திருப்பித் தர்றோம், எழுதியே தர்றோம்"னு சொன்னோம். அவங்களுக்கும் லாபம், எலித் தொல்லை இல்ல. எங்களுக்கு அத விட நல்ல காட்சி எங்க கிடைக்கும்.

துரியோதனன் கிரீடத்த கையில வாங்கறப்ப தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா எடையே இல்ல. பாக்க அவ்ளோ பெருசு. கல்யாண முருங்கை மரம், அதான் அவ்ளோ லேசு, ராத்திரி பூரா தலைல வெச்சு சுத்தி ஆடணுமில்ல. முன்பக்கம் கண்ணாடிச் சில்லு, ஜிகினாத் தாளு, பச்சை சிவப்பு. திருப்பிப் பாத்தா உள்பக்கம் வெறும் மரம், வேர்வையில கருத்து எண்ணெய் பட்ட மாதிரி ஆயிருக்கு, நெத்தி படற எடத்துல பழைய வேட்டித் துணி மடிச்சு வெச்சு தெச்சிருக்காங்க, கயிறு உரசி உரசி ரெண்டு பக்கமும் பள்ளம். நாங்க அத முதுகு தெரியற மாதிரி வெச்சிருக்கோம், பின்னாடி ஒரு கண்ணாடி. முன்பக்கத்த கூத்துல எல்லாரும் பாத்திருக்காங்க. பின்பக்கம் ஆடறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனி பொறந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரூம்ல அந்த இடம் காலி. காலி இடத்துல "கூத்துக்குப் போயிருக்கு"ன்னு ஒரு அட்டை, எந்த ஊருக்கு எந்தத் தேதில போயிருக்குன்னு பென்சில்ல எழுதி வெப்போம். ஜனங்க அந்த அட்டைய பாத்துட்டு கூத்துக்கே போறாங்க.

பெரிய மியூசியத்துல வேல செய்யறவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, இது கன்சர்வேஷனே இல்ல, பொருள் தேயும்னு சொன்னாரு. தேயும்தான். அது தேயறதுக்குத்தான் செஞ்சது. ஆனா அவர் சொன்னதுல பாதி சரி, அத அப்பறம் எழுதறேன்.

மார்ச் 16

ரிஜிஸ்டர் பத்தி கேட்டவங்களுக்கு. கம்ப்யூட்டர் அப்பறம் பாத்துக்கலாம். கெட்டி அட்டை போட்ட லெட்ஜர் நோட்டு ஒண்ணு வாங்குங்க. உலகம் பூரா மியூசியத்துல போடற நம்பர் முறை சுலபமானதுதான்: வருசம், அந்த வருசத்துல எத்தனாவது ஆள் குடுத்தது, அவர் குடுத்ததுல எத்தனாவது பொருள். 2025.4.2ன்னா 2025ல நாலாவதா வந்தவர் குடுத்த ரெண்டாவது சாமான். நம்பர பொருள் மேல பேனாவால எழுதாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, பசை கறை போகவே போகாது. பருத்தி நூல்ல அட்டை கட்டுங்க, அட்டைல பென்சில். பேனா மை ஈரம் பட்டா ஓடிடும், பென்சில் ஓடாது.

எடம் இருந்தா ஒரு பக்கம் பூரா கதைக்கு விடுங்க. யார் கிட்ட இருந்தது, அவங்க கிட்ட எப்படி வந்தது, கடைசியா எப்ப புழங்கினாங்க. அந்த பக்கம் காலியா இருந்தா அந்தப் பொருள வாங்காதீங்க, அதுதான் எங்க ரூல் இப்ப.

ஒரு பித்தளை அண்டா இருக்கு எங்க கிட்ட, கடன்தான். விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு. குடுத்தவர் பேரு, அவர் ஊரு, "அன்பளிப்பு". இந்த மாதிரி பேர் வெட்டின பாத்திரம் இல்லாத வீடே கிடையாது, ஆனா யாரும் அத டாக்குமெண்டா பாக்கறதில்ல. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் சம்பந்தம் இருந்துச்சு, எங்க இருந்து பொண்ணு எடுத்தாங்க, எந்த வருசம் கல்யாணம், எல்லாம் அதுல இருக்கு. இந்த அண்டாவுல ஊர் பேருல மொத ரெண்டு எழுத்து மழுங்கிப் போச்சு. ஏன்? ஐம்பது அறுபது வருசமா புளி போட்டு தேச்சதுதான்.

அதனால: புளி போடாதீங்க. எங்க ஊர் புளியூர், புளிக்குப் பஞ்சமில்ல, பித்தளைய பாத்தா கை பரபரக்கும். புளியில இருக்கற அமிலம் மேல் படலத்தோட கொஞ்சம் உலோகத்தையும் எடுத்துட்டுத்தான் போகும். மியூசியத்துக்கு வந்த பொருள் பளபளன்னு இருக்கணும்னு அவசியமில்ல. காஞ்ச துணி, மெத்துன்னு ஒரு பிரஷ், போதும். வெண்கலத்துல மாவு மாதிரி வெளிர் பச்சைப் புள்ளி பொரிஞ்சா மட்டும் அத தனியா எடுத்து ஈரமில்லாத டப்பாவுல வெச்சு தெரிஞ்சவங்களக் கேளுங்க, அது பரவும்.

மார்ச் 17

"எங்க ஊர் புளியூர்"னு எழுதினத ஊர் பேருன்னு நெனச்சு மூணு பேர் மேப்ல தேடியிருக்காங்க. புளி மரம் ஜாஸ்தின்னு சொன்னேன் சாமி.

மார்ச் 23

நடுகல், அதான் சண்டையில செத்த வீரனுக்கு நட்ட கல்லு. இது வரும்னு தெரியும். "எங்க ஏரிக்கரைல ஒண்ணு சாஞ்சு கிடக்கு, டிராக்டர்ல கட்டி மியூசியத்துக்கு கொண்டு வந்துடலாமா?"

கொண்டு வராதீங்க. காரணம் நிறைய.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் நிறைய நடுகல் வேடியப்பன் கோயிலாத்தான் நிக்குது. சாஞ்சு கிடக்கறதுன்னு நீங்க நெனக்கற கல்லுக்கு வருசத்துக்கு ஒரு தடவ யாரோ ஒரு குடும்பம் வந்து சேவல் அறுத்துட்டுப் போவாங்க, அது உங்களுக்குத் தெரியாது. தூக்கிட்டு வந்தீங்கன்னா அன்னிக்கு ராத்திரியே வீட்டு முன்னாடி ஆள் நிக்கும். அப்பறம், கல்லு எந்தத் திசைய பாத்து எந்த இடத்துல நிக்குதுன்றதே பாதி செய்தி. மாடு ஓட்டிட்டுப் போனவங்கள மறிச்ச வழி அது, இல்ல ஊர் எல்லை அது. "தொறு மீட்டுப் பட்டான்"னு (மாட்டு மந்தைய மீட்டு செத்தான்னு அர்த்தம்) எழுதின கல்ல அந்த வழில இருந்து எடுத்து ஒரு ரூம்ல கண்ணாடிக்குள்ள வெச்சா அது கல்லாத்தான் இருக்கும்.

சட்டப்படியும் வேணாம். தொல்லியல் துறைக்குத் தகவல் குடுங்க, தாலுகா ஆபீஸ்ல சொல்லுங்க. ரோடு போடறாங்க, குவாரி வெடி வெக்கறாங்க, கல்லு போயிடும்னா அது வேற கதை, அப்பவும் துறை வந்து எடுக்கட்டும். தருமபுரி அகழ்வைப்பகத்துல (துறையோட மியூசியம்) அப்படி வந்து சேந்த கல்லுங்கதான் வரிசையா நிக்குது, பாத்திருப்பீங்க. நாகசாமி தமிழ்நாடு தொல்லியல் துறை இயக்குநரா இருந்த காலத்துல, 1970கள்ல, செங்கத்துலயும் எங்க பக்கமும் துறை ஆளுங்க ஊர் ஊரா போயி படியெடுத்து அச்சுல போட்டாங்க. ஒங்க ஊர் கல்லு ஏற்கனவே அதுல இருந்தாலும் இருக்கும், மொதல்ல அத பாருங்க.

மியூசியத்துல என்ன வெக்கலாம்னா, போட்டோ. ஆனா மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடுத்த போட்டோ வேஸ்டு, எல்லாம் தட்டையா தெரியும். வெயில் சாய்வா விழற நேரத்துல எடுங்க. இன்னும் நல்லா வேணும்னா இருட்டினப்பறம் போங்க, கேமராவ நேரா வெச்சுட்டு ஒருத்தர் டார்ச்ச கல்லுக்கு ஓரமா, கிட்டத்தட்ட கல்லோட ஒட்டி, பக்கவாட்டுல அடிக்கணும். பகல்ல வெறும் சொரசொரப்பா இருந்த எடத்துல வில்லு தெரியும், குறுவாள் தெரியும், கால் கிட்ட கிண்டியும் சிமிழும் தெரியும், மேல ரெண்டு வரி வட்டெழுத்து, அதான் பழைய காலத்துத் தமிழ் எழுத்து, எழும்பி வரும். எங்க ஊர் பசங்க மொதல் தடவ "கோவிசைய"ன்றத (ராஜா பேருக்கு முன்னாடி வர்றது) கண்டுபிடிச்சப்ப கத்தின கத்துல நாயெல்லாம் கொலச்சுது. நானே மூணு எழுத்து படிச்சேன், அதுக்கு மேல சார் ஒருத்தருக்கு வாட்ஸாப்ல அனுப்பித்தான் தெரிஞ்சுகிட்டோம்.

சாக்பீஸ் தேய்க்கறது, மாவு பூசறது, எண்ணெய் ஊத்தறது வேணாம். எண்ணெய் மேல தூசி ஒட்டி எழுத்து அடைஞ்சுக்கும். ஆயில் பெயிண்டும் வேணாம்னு பூசாரிங்க கிட்ட சொல்லணும், ஆனா அத சொல்ல உங்களுக்கு ஒரு வயசும் ஒரு உறவும் வேணும். எங்க ஊர்ல எங்க பெரியப்பா சொன்னாரு, அதனால நின்னுச்சு. நான் சொல்லியிருந்தா எனக்கே பெயிண்ட் அடிச்சிருப்பாங்க.

ஏப்ரல் 6

ஸ்கூல் பசங்க காட்டுல இருந்து பொறுக்கிட்டு வர்ற கருப்புக் கல்லு பத்தி. கையில எடுத்தா கல்ல விட கனமா, மேல குமிழ் குமிழா, ஒடஞ்ச எடத்துல கண்ணாடி மாதிரி மின்னுதுன்னா பெரும்பாலும் இரும்பு உருக்கின கிட்டம், அதான் கழிவு. எங்க ரெண்டு ஜில்லாவுலயும் காடு உழுதா கிடைக்கும். 2022 மே மாசம் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைல தோண்டினதுல இரும்பு புழங்கினது கி.மு. 2172 வரைக்கும் போகுதுன்னு அறிவிச்சப்ப, எங்க ஊர்ல இருக்கற கிட்டம் பூரா அந்தக் காலம்னு ஆயிடுச்சு. இல்லீங்க. கிட்டத்த பாத்து வயசு சொல்ல முடியாது, நூறு இரநூறு வருசம் முன்னாடி வரைக்கும் கூட இங்க உருக்கினாங்க. மயிலாடும்பாறைல அகழாய்வுல மண் அடுக்கு பாத்து, அதே அடுக்குல கிடைச்ச கரிய லேப்ல குடுத்துத்தான் அந்தத் தேதி வந்துச்சு. பொறுக்கின எடத்த விட்டுட்டு வந்த கிட்டத்துக்கு அடுக்கு கிடையாது. அதனால பசங்க கிட்ட, பொறுக்காத, போன்ல போட்டோ எடு, லொகேஷன் போடு, அங்கயே விடுன்னு சொல்லித் தர்றோம். பாதி பேர் கேக்கறாங்க. மீதி பாதி பாக்கெட்டுல கொண்டு வர்றாங்க.

மேல "இந்தியாவுலயே பழைய இரும்பு மயிலாடும்பாறைதான்"னு ஒருத்தர் போட்டிருக்காரு, அது பழைய கணக்கு. 2025 ஜனவரில தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கைல தூத்துக்குடி மாவட்டம் சிவகளைல இரும்போட தேதி கி.மு. 3345 வரைக்கும் போயிருக்கு. தூத்துக்குடிக்காரங்க முந்திட்டாங்க, என்ன பண்றது. நம்ம போர்டையும் மாத்தணும். போர்டு எழுதறப்பவே தேதிய தனி அட்டைல எழுதுங்க, இந்த விசயத்துல வருசா வருசம் மாறுது.

காசு கிடைச்சா? குடத்தோட கிடைச்சா? மியூசியத்துக்குக் கொண்டு வராதீங்க, எங்க கிட்டயும் சொல்லாதீங்க, தாசில்தார் கிட்டப் போங்க. 1878ல வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல மறைஞ்சிருந்தது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். பத்து ரூபா! அதே பத்து ரூபாதான் இன்னிக்கும். அப்பறம் 100 வருசத்துக்கு மேல பழைய சிலை, ஓவியம், 75 வருசத்துக்கு மேல ஆன ஏடு, இதெல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துல வருது. யாராச்சும் சிலைய குடுக்க வந்தா, எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டு பதில் சரியில்லன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. ரூம்ல ஒரு நிமிசம் கூட வெக்க வேணாம்.

ஏப்ரல் 20

மரப் பொருள்ல இருந்து மாவு கொட்டுது, என்ன மருந்து அடிக்கறதுன்னு கேட்டவருக்கு. மருந்து அடிக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர். நெசமாத்தான்.

பாலித்தீன் கவர்ல போட்டு, காத்த வெளிய அமுக்கி எடுத்து, டேப் போட்டு மூடி, மைனஸ் 18, 20 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். பூச்சி, முட்டை, புழு எல்லாம் போயிடும். வெளிய எடுத்தா ஒடனே பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விடணும், இல்லன்னா பொருள் மேலயே வேர்க்கும். துணிக்கும் இதே. ஆனா பெயிண்ட் அடிச்சது, கண்ணாடி ஒட்டினது, கூத்துக் கட்டை மாதிரி, அத உள்ள வெக்காதீங்க. குளிர்ல மரமும் பெயிண்டும் ஒரே அளவுல சுருங்காது, பேந்துடும். வெறும் மரம், மரக்கால், நுகத்தடி, உழக்கு, இதுக்கு மட்டும்.

ஐஸ்கிரீம் கடைக்காரர் மாமா சும்மாத்தான் எடம் குடுத்தாரு. ஒரு பாட்டி குச்சி ஐஸ் வாங்க வந்து எட்டிப் பாத்துட்டு, "வள்ளத்துக்கு எதுக்கு சாமி குளுரு?"ன்னு கேட்டுச்சாம். வள்ளம்னா தானியம் அளக்கற பாத்திரம்.

மே 18

இன்னிக்கு சர்வதேச மியூசியம் நாள். 1977ல இருந்து கொண்டாடறாங்களாம். எங்க ஊர்ல கேக் எல்லாம் வெட்டல. ஞாயித்துக்கிழமையா போச்சு, சந்தை நாள் இல்ல, ஆனாலும் திறந்து வெச்சோம், பதினோரு பேரு, அதுல நாலு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க.

எழுத வந்தது வேற. எங்களுக்கு நிறைய வர்றது யாருன்னா நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க. வேல முடிஞ்சு வர்ற வழி, மொதல்ல தண்ணி குடிக்க வந்தாங்க (வாசல்ல ஒரு பானை வெச்சிருக்கோம், அலமாரிக்கு முன்னாடி பானை வாங்குங்க), அப்பறம் உள்ள வந்தாங்க. எங்க போர்டு எதையும் படிக்கல. நேரா பொருள்கிட்டப் போயி கை வெச்சாங்க. "தொடாதீர்கள்"னு எழுதியிருந்தோம், அத ஒரு அக்கா கழட்டி கீழ வெச்சுட்டுத் தொட்டாங்க.

கவலை ஏத்தத்தோட (மாடு கட்டி தண்ணி இறைக்கறது) சாமான் வெச்சிருந்தோம், தண்ணி மொள்ற சால், மாடு இழுக்கற வடம், வால்கயிறு. நாங்க எழுதின போர்டு: "கிணற்றிலிருந்து நீர் இறைக்கப் பயன்பட்ட கருவி." ஒரு ஆயா அத யாரோ படிச்சுக் காட்டினதும் சிரிச்சுட்டு, எங்க மாமனாரு இந்த வடத்து மேல உக்காந்துதான் ஓட்டுவாருன்னு ஆரம்பிச்சுது. மாடு பள்ளத்துல எறங்கறப்ப ஓட்டறவன் வடத்து மேல ஏறி உக்காருவான், அவன் எடையும் சேந்து இழுக்கும், சால் மேல வரும், வால்கயிற விட்டா தண்ணி தொட்டில கொட்டும். திரும்பி மாட்ட பின்னாடியே நடத்திக் கொண்டு போகணும், அதுதான் கஷ்டம், மாடு பின்னால நடக்கப் பழகறதுக்கே மாசக்கணக்காகும். வடத்துல நடுவுல ஒரு எடம் மட்டும் வழவழன்னு இருந்துச்சு, நாங்க அது ஏதோ எண்ணெய்க் கறைன்னு நெனச்சு தொடைச்சுட்டு இருந்தோம், அது உக்கார்ற எடம். போர்ட எடுத்துட்டோம். ஆயா சொன்னத அப்படியே எழுதி வெச்சிருக்கோம், "மாமனாரு" உட்பட.

2022ல ப்ராக்ல உலக மியூசியம் கவுன்சில் (ICOM) மியூசியத்துக்குப் புது வரையறை எழுதினப்ப சமூகப் பங்கேற்புன்னு ஒரு வார்த்தை சேத்தாங்க. அவங்க ஓட்டெடுப்பு நடத்தி சேத்தத எங்க ஊர்ல அந்த அக்கா போர்ட கழட்டி கீழ வெச்சு சேத்துட்டாங்க.

மே 19

"எல்லாரும் தொட்டா என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. தொடக்கூடாதது சிலது இருக்கு: ஓலைச் சுவடி, போட்டோ, துரு பிடிச்ச இரும்பு, பெயிண்ட் உதிர்றது. அத உயரமா வெச்சுட்டோம். ஒரலு, ஒலக்கை, வடம், படி இதெல்லாம் தொடட்டும். எது எதுன்னு நீங்கதான் பிரிக்கணும், பொதுவா ஒரு ரூல் போட்டா ரெண்டு பக்கமும் தப்பாப் போகும்.

ஜூன் 15

மாங்கா சீசன். யாரும் வரல, நாங்களும் திறக்கல, எல்லாரும் தோப்புல, மண்டில, மாங்கா கூழ் ஃபேக்டரில. கதவுல "மாங்கா முடிஞ்சதும் திறப்போம்"னு எழுதிட்டோம். மழை பெஞ்சாலும் திறக்கணும்னு நான் மார்ச்ல எழுதினத எடுத்துப் போட்டு ஒருத்தர் கலாய்க்கறாரு. சார், மழை வேற, தோத்தாபுரி வேற. எப்ப திறக்காதுன்னு தெரிஞ்சிருந்தாலே போதும்.

ஜூலை 6

பணம் பத்தி மார்ச்ல ஒதுக்கித் தள்ளின மாதிரி எழுதிட்டேன். கொஞ்சம் மாத்திச் சொல்லணும். மாசா மாசம் கரண்டு பில்லு, பானைக்குத் தண்ணி, பல்பு, கோணி, நூலு, இதுக்கு கை காசு போட்டுட்டே இருந்தா ரெண்டு வருசத்துல சலிச்சுப் போயிடும், சலிச்சவன் கிட்ட சாவி இருந்தா கதவு திறக்காது. அதனால சங்கமா பதிவு பண்ணிக்கங்க. தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975, ஏழு பேர் போதும். ஏழு பேரும் ஒரே தெருவா, ஒரே சாதியா இருக்க வேணாம், அத மட்டும் பாத்துக்கங்க, இல்லன்னா மத்த தெருக்காரங்க பொருளும் குடுக்க மாட்டாங்க, உள்ளயும் வர மாட்டாங்க. இத யாரும் வெளிப்படையா எழுத மாட்டேங்கறாங்க. எங்க ஊர்ல காலனி பக்கத்துல இருந்து பறை வரணும்னு ஆசப்பட்டோம். "எங்க பறைய அங்க மாட்டி வெச்சுட்டு எங்கள வாசல்ல நிறுத்துவீங்களா"ன்னு நேருக்கு நேரா கேட்டாங்க. அதுக்கு பதில் சொல்ல ஒரே வழிதான் இருந்துச்சு, இப்ப மூணு சாவில ஒண்ணு அந்தத் தெருவுல இருக்கு. பறை இன்னும் வரல. அவசரமில்ல.

கண்ணாடி அலமாரி வாங்கணும்னே இருந்தா, கதவு இறுக்கமா மூடறது, உள்ள லைட் இல்லாதது. லைட்டு சூடு துணியையும் ஓலையையும் காய வெச்சு ஒடச்சிடும். ஜன்னல் வெயில் நேரா விழற சுவருல போட்டோ மாட்டாதீங்க. அவ்ளோதான் அதுல.

ஜூலை 27

பெரிய எடத்துக்குக் குடுத்துட்டா பத்திரமா இருக்குமேன்னு கேக்கறவருக்கு. இருக்கலாம். எங்க ஊர்ல இருந்து முன்னாடி ஒரு கட்டு ஓலைச் சுவடி ஆராய்ச்சிக்குன்னு ஒரு எடத்துக்குப் போச்சு. நல்ல எண்ணத்துல வாங்கினாங்க, நல்ல எண்ணத்துல குடுத்தாங்க. ரசீது இல்ல. வாங்கினவர் மாத்தலாயிட்டாரு. இப்ப போயி கேட்டா எந்தக் கட்டுன்னு கேக்கறாங்க, நமக்கும் சொல்லத் தெரியல, ஒரு ஏடு போட்டோ கூட எடுத்து வெக்கல. திருடு போனா புகார் குடுக்கலாம், இதுக்கு என்ன குடுக்கறது.

அதே தப்ப நாம ஊர்க்காரங்களுக்குப் பண்ணக் கூடாதுன்னுதான் கடனா வாங்கற பொருளுக்கு எழுதித் தர்ற சீட்டுல நான் இவ்ளோ கறாரா இருக்கேன்.

ஆகஸ்ட் 24

கூத்துக் கட்டைங்க வந்துடுச்சு. மார்ச்ல சொன்னேனே, தேயும்னு சொன்னவர் பாதி சரின்னு, அது இதுதான்: தேயறது பரவால்ல, ஆனா ரிப்பேர் பண்ணிடறாங்க. கிரீடத்துல ஒரு பக்கம் பழைய கண்ணாடிச் சில்ல எடுத்துட்டு புதுசா பிளாஸ்டிக் கல்லு, ஃபெவிகால் போட்டு ஒட்டியிருக்காங்க. உள்பக்கம் வேட்டித் துணி போயி ஸ்பாஞ்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. வாத்தியாரண்ணன் கிட்ட (ஜமா வாத்தியார்) கேட்டா, "துணி நெத்திய அறுக்குதுப்பா, நீ போட்டுட்டு விடிய விடிய ஆடிப் பாரு"ன்னாரு. என்ன சொல்றது.

போறப்ப எடுத்த போட்டோ இருந்துச்சு, அதனால என்ன மாறுச்சுன்னு தெரிஞ்சுது. எடுத்த சில்லையும் துணியையும் தூக்கிப் போடாம கொண்டு வாங்கன்னு இனிமே சொல்லியிருக்கோம், அத ரிஜிஸ்டர்ல தனி நம்பர் போட்டு வெச்சுக்கலாம். இந்தத் தடவ சில்லு கொஞ்சம் மட்டும் மேக்கப் பொட்டிக்குள்ள கிடந்துச்சு, குடுத்துட்டாங்க. கிரீடத்துக்குப் பக்கத்துலயே ஒரு தட்டுல வெச்சிருக்கோம், ஸ்பாஞ்சையும் மறைக்காம.

கடன் சீட்டுக்கு ஒரு மாதிரி படிவம் கேட்டு ஏழெட்டு பேர் எழுதியிருக்கீங்க, எங்களுது இவ்ளோதான்:

பொருள், அளவு, என்னென்ன ஒடசல் ஏற்கனவே இருக்கு. உரிமையாளர் பேரு, வீட்ல இன்னொருத்தர் பேரு (அவருக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குத் திருப்பித் தரணும்னு தெரியணும்). எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும். "உரிமையாளர் கேட்ட மூன்று நாளுக்குள் திருப்பித் தரப்படும், விசேஷம் என்றால் அன்றே." யாரு தொடலாம், போட்டோ எடுக்கலாமா, பேர் போடலாமா. சீட்டோட நாலு பக்கமும் எடுத்த போட்டோ ஒட்டணும். ரெண்டு பேர் கையெழுத்து, இல்ல ரேகை.

ரெண்டு காப்பி, ஒண்ணு அவங்க வீட்ல, பீரோவுல ரேஷன் கார்டோட வெக்கச் சொல்லுங்க, அப்பத்தான் தொலையாது. கார்பன் பேப்பர் பாலக்கோட்டுல கேட்டா முழிக்கறாங்க, தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டேஷனரி கடைல இன்னும் கிடைக்குது.